தொலைபேசிக் கம்பி வராத வீட்டில் இணையம்: சிம் அட்டையோடு ஒன்றரை வருடம்

நாங்கள் குடிவந்த வீட்டுக்குத் தொலைபேசி இணைப்பு கிடையாது. தெருமுனைக் கம்பத்தோடு கம்பி நின்றுவிட்டது. கண்ணாடியிழை எப்போது வரும் என்று கேட்டால் "பட்டியலில் இருக்கிறது" என்றார்கள். பட்டியலில் எத்தனையாவது இடம் என்று சொல்ல ஆளில்லை. என் கணவருக்கு வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. மகளுக்கு மாலையில் இணைய வகுப்பு. நான் புத்தகப் பக்கங்களை வடிவமைக்கிறவள். கனமான கோப்புகளை அன்றாடம் மேலேற்றி அனுப்பியாக வேண்டும். காத்திருக்க வழியில்லாததால் செல்பேசி வலையமைப்பையே வீட்டு இணையமாக்கிக் கொண்டோம்.

இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. சிம் அட்டை போட்ட ஒரு பெட்டிதான் வீடு முழுவதற்கும் இணையம் தருகிறது, நன்றாகவே தருகிறது. ஆனால் முதல் நான்கு மாதம் நாங்கள் பட்ட பாடு பட்டிருக்கவே வேண்டாத பாடு. விற்றவர்கள் வேகத்தைப் பற்றிப் பேசினார்கள், மாதக் கட்டணத்தைப் பற்றிப் பேசினார்கள். பெட்டியை வீட்டில் எங்கே வைப்பது, எந்த நேரத்தில் சோதித்துப் பார்ப்பது என்ற இரண்டையும் யாரும் சொல்லவில்லை. எல்லாமே அந்த இரண்டில்தான் அடங்கியிருந்தது.

ஆரம்பத்தில் கணவரின் செல்பேசியை ஹாட்ஸ்பாட் ஆக்கினோம். ஓரிரு நாளுக்கு அது போதும். அதற்கு மேல் தாங்காது. அவர் வெளியே கிளம்பினால் வீட்டு இணையமும் அவர் சட்டைப் பையிலேயே கிளம்பிவிடும். பல மணி நேரம் தொடர்ந்து ஓடினால் செல்பேசி சூடேறித் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அடுத்து, உள்ளங்கையில் அடங்கும் சிறிய வைஃபை கருவி ஒன்றை வாங்கினோம். பயணத்துக்கு அருமையான பொருள். நாங்களோ அதைப் பகலும் இரவும் மின் இணைப்பிலேயே போட்டு வைத்திருந்தோம். மூன்றாவது மாதம் ஒருநாள் தூசி தட்டும்போது அதன் பின்மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. திறந்து பார்த்தேன். தட்டையாக இருக்க வேண்டிய பேட்டரி நடுவில் புடைத்து, மேலுறை இழுபட்டுப் பளபளவென்று இருந்தது. அப்படி ஒன்றைப் பார்த்தால் அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், மறுபடியும் சார்ஜ் போடாதீர்கள். பழைய மின்னணுப் பொருள்களை வாங்கிக்கொள்ளும் இடத்தில் ஒப்படைத்துவிடுங்கள். லித்தியம் பேட்டரி எப்போதும் முழு சார்ஜிலும் சூட்டிலும் கிடந்தால் இப்படித்தான் கெடும். வீட்டில் நிரந்தரமாக வைக்க, பேட்டரி இல்லாமல் நேரடியாக மின்சாரத்தில் ஓடும் ரூட்டர்தான் சரி.

அந்த ரூட்டரை வாங்கும்போது பின்பக்கத்தைப் பார்த்து வாங்குங்கள் என்பேன். வெளி ஆன்டெனா மாட்ட இரண்டு துளைகளும், ஈதர்நெட் கம்பி செருக ஓரிரண்டு துளைகளும் இருக்க வேண்டும். அட்டைப் பெட்டியில் 'கேட் 4', 'கேட் 6' என்று கருவியின் வேக வகையைப் போட்டிருப்பார்கள். 4ஜி கருவிகளில் கேட் 4 என்பதன் உச்சவரம்பு விநாடிக்கு 150 மெகாபிட். கேட் 6 ஒரே நேரத்தில் இரண்டு அலைவரிசைகளைச் சேர்த்து 300 வரை போகும். இந்த எண்களை வீட்டில் யாரும் பார்க்கப் போவதில்லை. இரண்டு அலைவரிசைகளைச் சேர்க்கும் திறன்தான் நெரிசலான மாலையில் கைகொடுக்கும்.

பெட்டி வந்தது. கூடத்தில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்தோம். எல்லோரும் அங்கேதானே வைப்பார்கள். நான்கு சிக்னல் கோடுகளில் மூன்று எரிந்தன. வேகமோ விநாடிக்கு 5 மெகாபிட்கூட இல்லை. மூன்று கோடு இருந்தும் ஏன் இப்படி என்று சேவை மையத்தைக் கேட்டேன். பெட்டியை அணைத்துப் போடச் சொன்னார்கள். அணைத்துப் போட்டேன். மறுபடியும் மூன்று கோடு, மறுபடியும் அதே வேகம்.

அந்தக் கோடுகளை நம்பக் கூடாது என்று பிறகுதான் கற்றேன். எந்த அளவுக்கு எத்தனை கோடு என்று அந்தந்தத் தயாரிப்பாளரே முடிவு செய்கிறார். உண்மையான கணக்கு ரூட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குள் இருக்கிறது. ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் ஒரு முகவரியும் கடவுச்சொல்லும் இருக்கும்; முகவரி பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். அதை உலாவியில் திறந்து, 'சிக்னல்' அல்லது 'சாதனத் தகவல்' என்ற பகுதிக்குப் போனால் இரண்டு எண்கள் கிடைக்கும். ஆர்எஸ்ஆர்பி என்பது செல்பேசிக் கோபுரத்திலிருந்து வரும் அலை எவ்வளவு வலுவாக உங்களை எட்டுகிறது என்பதைச் சொல்வது. அது எப்போதும் கழித்தல் குறியோடு வரும். பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. -80, -90 என்றால் நிம்மதி. -100 என்றால் சமாளிக்கலாம். -110ஐத் தாண்டினால் திண்டாட்டம். இது டெசிபல் கணக்கு என்பதால் 3 கூடினால் வலு இரண்டு மடங்கு, 10 கூடினால் பத்து மடங்கு. -108க்கும் -98க்கும் எண்ணில் உள்ள வித்தியாசம் சிறிதாகத் தெரியும். அலையில் அது பத்து மடங்கு.

இரண்டாவது எண் எஸ்ஐஎன்ஆர். வலுவைவிடத் தெளிவைச் சொல்வது இது. சந்தைக்குள் நின்று ஒருவர் உங்களிடம் உரக்கப் பேசலாம். சுற்றிலும் இன்னும் நான்கு பேர் அதே உரப்பில் பேசினால் ஒரு சொல்லும் காதில் ஏறாது. 20க்கு மேல் இருந்தால் மிக நன்று, 10க்கு மேல் நன்று, பூஜ்யத்துக்குக் கீழே போனால் இரைச்சல்தான் மிஞ்சும். 4ஜியில் அக்கம்பக்கக் கோபுரங்கள் ஒரே அலைவரிசையில் பேசுவது வழக்கம். அதனால் இரண்டு மூன்று கோபுரங்கள் சம வலுவோடு தெரியும் இடம் நல்ல இடம் அல்ல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதற்காகவே ஒதுக்கினேன். நீண்ட மின்நீட்டிப்புக் கம்பியில் ரூட்டரைச் செருகி அறை அறையாகத் தூக்கிக்கொண்டு நடந்தேன். மகள் மடிக்கணினியை வைத்துக்கொண்டு எண்களைப் படித்தாள். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு நிமிடம் பொறுக்க வேண்டும், எண் நிலைகொள்ள அவ்வளவு நேரம் ஆகும். அவளுடைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினோம். கூடம்: -106, எஸ்ஐஎன்ஆர் 4. சமையலறை: -111, 1. வாசல் பக்கத்து ஜன்னல்: -88, 3. அதைப் படித்ததும் "அம்மா, இதுதான் இருப்பதிலேயே நல்ல இடம்!" என்று கத்தினாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வேகத்தைச் சோதித்தால் 9 மெகாபிட். பிறகு மாடிப்படி திரும்பும் இடத்தில், பின்பக்கம் பார்த்த சிறிய ஜன்னலுக்குப் போனோம். -97, எஸ்ஐஎன்ஆர் 16. வேகம் 34.

வாசலைவிட ஒன்பது டெசிபல் குறைவான இடத்தில் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வேகம். வாசல் ஜன்னல் பெரிய சாலையைப் பார்த்தது. அங்கிருந்து பல கோபுரங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு தெரிந்தன. பின் ஜன்னலுக்கு வீடே ஒரு தடுப்புச் சுவராக நின்று மற்றவற்றை மறைத்து, ஒரே ஒரு கோபுரத்தை மட்டும் காட்டியது. அன்று அந்த நோட்டுப் பக்கம் எழுதியிருக்காவிட்டால் இன்றைக்கும் பெட்டி வாசல் ஜன்னலில்தான் உட்கார்ந்திருக்கும்.

அதே நாளில் இன்னொன்றும் தெரிந்தது. மகளின் அறை ஜன்னல் மூடியிருந்தபோது -108, திறந்தபோது -97. நடுவில் இருந்தது வெறும் கண்ணாடிதான். வெப்பத்தைத் தடுக்கச் சில கண்ணாடிகளில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும்; அது செல்பேசி அலையையும் தடுத்துவிடும். கம்பி கட்டிய கான்கிரீட் சுவரும், உலோகத் தகட்டுக் கூரையும், தண்ணீர்த் தொட்டியும் அப்படியே. உங்கள் வீட்டில் ஜன்னலருகேகூட சிக்னல் மோசமாக இருந்தால் ஜன்னல் கதவைத் திறந்து ஒருமுறை பாருங்கள்.

இடம் கிடைத்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று நம்பினோம். காலை பதினோரு மணிக்கு 34 மெகாபிட் வந்த அதே ஜன்னலில் இரவு ஒன்பது மணிக்கு 2 வந்தது. எஸ்ஐஎன்ஆர் அதிகம் மாறவில்லை, ஆர்எஸ்ஆர்பி அப்படியே இருந்தது. மகள் வகுப்பில் பாதி முகமும் பாதிக் கட்டங்களுமாக உறைந்துபோனாள். ஆசிரியர் இவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது எங்களுக்குக் கேட்டது. இவள் சொன்ன பதில் அங்கே போய்ச் சேரவில்லை. அந்தப் பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் மறக்கவில்லை.

காரணம் எளியது. கோபுரத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் குறிப்பிட்ட அளவு கொள்ளளவுதான் உண்டு. அந்தப் பக்கத்தில் இருக்கும் அத்தனை பேரும் அதைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். இரவு உணவு முடித்து ஊரே செல்பேசியைக் கையில் எடுக்கும் நேரத்தில் உங்கள் பங்கு சுருங்கிவிடும். எவ்வளவு நல்ல ஆன்டெனா போட்டாலும் மற்றவர்களின் பங்கை அது பிடுங்கித் தராது.

ஆகவே இந்த ஒரு விஷயத்தை வலியுறுத்திச் சொல்கிறேன்: ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், முதலில் குறுகிய கால முன்கட்டண (ப்ரீபெய்டு) சிம் ஒன்றை வாங்கி உங்கள் வீட்டில், நீங்கள் தேர்ந்த ஜன்னலில், வாரநாள் இரவு எட்டிலிருந்து பதினொன்று வரை சோதியுங்கள். ஒரு இரவு போதாது. நான்கு ஐந்து இரவுகள், அதில் ஒரு விடுமுறை நாளும் சேரட்டும். உங்கள் பகுதியில் எத்தனை நிறுவனங்கள் இருக்கின்றனவோ அத்தனைக்கும் செய்யுங்கள். நாங்கள் மூன்று சிம்களைப் போட்டுப் பார்த்தோம். கடைசியில் தேர்ந்த நிறுவனத்தின் சிக்னல் முதல் நிறுவனத்தைவிட மோசம்: -103, எஸ்ஐஎன்ஆர் 12. பகலில் 22 மெகாபிட்தான். ஆனால் இரவிலும் 17 வந்தது. வகுப்புக்கு அது தாராளம்.

சிம் வாங்கும்போது இன்னொன்றைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: இந்தத் திட்டத்தை ரூட்டரில் போடலாமா? செல்பேசிக்கென்று விற்கும் சில திட்டங்களில் அது அனுமதிக்கப்படுவதில்லை. 'வரம்பற்ற' என்று போட்டிருந்தால் கீழே சிறிய எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். குறிப்பிட்ட ஜிபிக்குப் பிறகு வேகத்தைக் குறைப்போம் என்று இருக்கும். குறைத்த பிறகு எவ்வளவு வேகம் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அலைவரிசையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 700, 800 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் தொலைதூரம் போகும், சுவரையும் ஓரளவு ஊடுருவும்; ஆனால் அங்கே நிறுவனங்களுக்குக் கிடைத்திருக்கும் பாதை பெரும்பாலும் குறுகல். 1800, 2600 போன்ற உயர்ந்தவற்றில் பாதை அகலமாக இருக்கும், ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 5ஜியில் பரவலாக உள்ள 3500 மெகாஹெர்ட்ஸும் இந்த வகைதான். ரூட்டரைத் தன் போக்கில் விட்டால் அது வலுவான சிக்னலைப் பார்த்துத் தாழ்ந்த அலைவரிசையில் ஒட்டிக்கொள்ளக்கூடும். எங்கள் பெட்டி 800இல் உட்கார்ந்திருந்தது. அமைப்புப் பக்கத்தில் அதை 1800க்கு மாற்றிப் பூட்டினேன். ஆர்எஸ்ஆர்பி -109க்கு இறங்கியது, இரவு வேகம் 17இலிருந்து 24க்கு ஏறியது. ஆனால் பூட்டுவதில் ஓர் ஆபத்து உண்டு. கோபுரத்தில் அந்த அலைவரிசைக்குப் பராமரிப்பு வேலை நடந்த ஒரு பிற்பகல் எங்களுக்கு இணையமே இல்லை. தானியங்கியாக விட்டிருந்தால் 800க்குத் தாவியிருக்கும். வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போகும்போது பூட்டை எடுத்துவிட்டுப் போகிறேன்.

-109 என்பது விளிம்பு. அதனால் ஆன்டெனா வாங்கினோம். கோபுரம் ஒரே திசையில் இருந்தால் அந்தத் திசையை மட்டும் நோக்கும் ஆன்டெனா நல்லது. 4ஜி இரண்டு ஓடைகளில் தரவு அனுப்புகிறது. அதனால் ஆன்டெனாவிலிருந்து இரண்டு கம்பிகள் வர வேண்டும், இரண்டையும் மாட்ட வேண்டும். ஒன்றை மட்டும் மாட்டினால் சிக்னல் எண் உயரும், வேகமோ குறையவும் கூடும். வாங்குவதற்கு முன் ரூட்டரின் துளை எஸ்எம்ஏவா டிஎஸ்9ஆ என்று பாருங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. திசை பார்க்கும்போது ஒரே வீச்சில் திருப்பாதீர்கள். பத்து பத்து பாகையாகத் திருப்பி, இரண்டு நிமிடம் நிறுத்தி, எஸ்ஐஎன்ஆரை எழுதிக்கொள்ளுங்கள். கணவர் ஏணியிலும் நான் மடிக்கணினியிலுமாக ஒரு மணி நேரம் ஆனது. -98இல் வந்து நின்றது.

ஆன்டெனாவின் கம்பியை மட்டும் நீளமாக வாங்கிவிடாதீர்கள். அலை கம்பிக்குள் போகப்போகத் தேய்ந்துகொண்டே வரும். மெல்லிய கம்பி பத்து மீட்டர் ஓடினால் ஆன்டெனா சம்பாதித்ததில் பெரும்பகுதி வழியிலேயே தீர்ந்துவிடும். ரூட்டரை ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் வைத்து, அங்கிருந்து ஈதர்நெட் கம்பியை இழுங்கள். ஈதர்நெட் 100 மீட்டர் வரை வேகத்தை இழக்காமல் போகும். மாடிப்படி ஜன்னலில் வைத்த பெட்டியின் வைஃபை கீழே கூடத்துக்குச் சரியாக வரவில்லை. பழைய ரூட்டர் ஒன்றைக் கூடத்தில் வைத்து, ஈதர்நெட்டால் இணைத்து, வைஃபை தரும் வேலையை மட்டும் அதற்குக் கொடுத்தோம். சிக்னல் பிடிக்கும் இடமும் வைஃபை பரப்பும் இடமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

டேட்டா கணக்கு முதல் மாதமே பயமுறுத்தியது. உயர்தரப் படம் மணிக்குச் சுமார் 3 ஜிபி தின்னும். சாதாரணத் தரத்தில் 1 ஜிபிக்குள் முடியும். சிறிய திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். படம் பார்ப்பது கண்ணுக்குத் தெரிகிறது, அதைக் கட்டுப்படுத்தலாம். தெரியாமல் தின்றவை வேறு: கணினியின் புதுப்பிப்புகள், விளையாட்டுகளின் புதுப்பிப்புகள், செல்பேசி எடுத்த ஒவ்வொரு படத்தையும் மேகச் (கிளவுட்) சேமிப்புக்கு அனுப்புவது. செல்பேசி, வைஃபை என்றாலே கணக்கில்லாத இணையம் என்று நினைத்துக்கொள்கிறது. விண்டோஸில் இந்த வைஃபையை 'அளவிடப்பட்ட இணைப்பு' என்று குறித்தேன். செல்பேசிகளிலும் அதே வசதி உண்டு. முதல் மாதத்தின் பாதி அளவே இரண்டாம் மாதம் செலவானது. யாரும் எதையும் குறைத்துக்கொண்டதாக உணரவில்லை.

என் வேலையில் இன்னொரு சிக்கல். நான் கோப்பு மேலேற்றத் தொடங்கியதும் கணவரின் காணொளிக் கூட்டம் திக்கித் திணறும். மேலேற்றும் பாதை குறுகல்; என் கோப்பு வரிசை முழுவதையும் அடைத்துக்கொள்ள, அவருடைய குரல் அதன் பின்னால் நின்றது. ரூட்டரில் மேலேற்றும் வேகத்துக்கு உண்மையில் கிடைப்பதைவிடச் சற்றுக் குறைவாக, எண்பத்தைந்து சதவீத அளவுக்கு, ஒரு வரம்பு வைத்தேன். கோப்பு போய்ச்சேர இன்னும் சில நிமிடம் ஆகிறது. அவருடைய குரல் உடைவதில்லை.

ஒருநாள் காலையில் இணையம் சட்டென்று நின்றது. சிக்னல் இருக்கிறது, பெட்டி பச்சையாக எரிகிறது, எந்தப் பக்கமும் திறக்கவில்லை. ஒரு மணி நேரத் தேடலுக்குப் பிறகு நிர்வாகப் பக்கத்தில் 'செய்திகள்' என்ற பகுதியைத் திறந்தேன். மூன்று குறுஞ்செய்திகள் படிக்கப்படாமல் கிடந்தன: திட்டம் முடிய மூன்று நாள், ஒரு நாள், முடிந்துவிட்டது. சிம் பெட்டிக்குள் இருப்பதால் நினைவூட்டல்கள் பெட்டிக்குத்தான் வரும். இப்போது நாள்காட்டியில் குறித்திருக்கிறேன். அதே காரணத்தால் வங்கிக்கோ வேறு எதற்கோ கொடுத்திருக்கும் எண்ணின் சிம்மை ரூட்டரில் போடாதீர்கள். சிம்மில் பின் (PIN) எண் பூட்டு இருந்தால் முதலில் செல்பேசியில் போட்டு எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மின்சாரம் போய் வரும்போதெல்லாம் சில பெட்டிகள் பின் கேட்டுக் காத்திருக்கும்.

மாமியார் எங்கள் வீட்டில் தனியாக இருக்கும்போது பார்த்துக்கொள்ள ஒரு கேமரா வைத்தோம். வீட்டுக்குள் படம் வந்தது, வெளியிலிருந்து வரவில்லை. செல்பேசி நிறுவனங்கள், இணையத்தில் நம்மைக் கண்டுபிடிக்க உதவும் எண்ணான பொது ஐபி முகவரி ஒன்றையே பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. அதனால் வெளியிலிருந்து உங்கள் வீட்டுக் கதவை நேராகத் தட்ட வழியில்லை. ரூட்டரில் தெரியும் முகவரி 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையிலோ தொடங்கினால் நீங்களும் அந்தப் பங்கில்தான் இருக்கிறீர்கள். ரூட்டரில் வெளியிலிருந்து நுழைய ஒரு வழியை, அதாவது போர்ட்டை, திறக்கிறேன் என்று நான் இரண்டு இரவுகள் விழித்தது வீண். கேமராவே வெளியே இருக்கும் சேவையகத்தை (சர்வர்) தொடர்புகொண்டு, நாமும் அதன் வழியாகப் பார்க்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். தனிப் பொது முகவரி தேவைப்படுகிற வேலை என்றால் நிறுவனத்திடம் முன்பே கேளுங்கள். சிலர் தனிக் கட்டணத்துக்குத் தருகிறார்கள்.

போன மாதம் -98 மெல்ல மெல்ல -104க்கு இறங்கியது. சிம் மாறவில்லை, பெட்டி மாறவில்லை. ஆன்டெனாவின் கம்பிகளைக் கழற்றித் துடைத்து மாட்டினேன், பயனில்லை. பிறகு ஏணியில் ஏறி ஆன்டெனாவின் கண்ணாக நின்று பார்த்தேன். நாங்கள் பொருத்தியபோது மொட்டையாக நின்ற பின்வீட்டு மரம் முழுக்கத் தளிர்த்து, கோபுரம் இருக்கும் திசையை மறைத்திருந்தது. ஈர இலைகளும் அலையை உறிஞ்சும். ஆன்டெனாவை அதே சுவரில் இரண்டு அடி வலப்பக்கம் தள்ளி, கிளைகளுக்கு நடுவே தெரிந்த இடைவெளிக்கு நேராகத் திருப்பினோம். மகள் பழைய கணக்கு நோட்டையே எடுத்து வந்து, கடைசிப் பக்கத்தில் இடமில்லாததால் ஓரத்தில் செங்குத்தாக எழுதினாள்: -99, எஸ்ஐஎன்ஆர் 15.